தலை எண்ணிக்கை

திங்கட்கிழமை காலை ஏழாம் நம்பர் வீட்டு வாசல் நிலையில் ஐந்து நான்காகியிருந்தது.

இதைக் கவனிக்க அந்த லைனில் ரங்கநாயகியை விட்டால் வேறு ஆள் கிடையாது. மற்றவர்கள் அந்த சாக்பீஸ் எழுத்தை ஒரு தடவை பார்த்ததோடு சரி. ரங்கநாயகி தினமும் பார்ப்பாள். பிடிக்காதவர்கள் முகத்தைத்தான் மனுஷர்கள் அதிகம் உற்றுப் பார்ப்பார்கள். அவளுக்கு அந்தக் கையெழுத்தே ஒரு முகமாக இருந்தது.

அன்னூர் ரோட்டில் மில்லுக்குப் பின்னால் இருந்த நாற்பது லைன் வீடுகளையும் பார்த்துக்கொண்டவள் நர்ஸ் மதிவதனி. ஒவ்வொரு வீட்டு நிலையிலும் மேலே வீட்டு எண், கீழே அந்த வீட்டில் எத்தனை தலை என்று சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவாள். பிள்ளை பிறந்தால் ஒன்று கூடும். பெண் கட்டிக்கொடுத்து வெள்ளகோவிலுக்கோ பவானிக்கோ போனால் ஒன்று குறையும். தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசி வரைக்கும் அது வெறும் சொட்டு மருந்துக்கும் தடுப்பூசிக்குமான அடையாளம்தான்.

ஏழாம் நம்பரில் யாரும் எங்கும் போயிருக்கவில்லை. ஐந்து பேரும் இருந்தார்கள். பாப்பாயிக் கிழவி வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிலையில் இருந்த 4 மேலே மூடாமல் வாய் திறந்திருந்தது. மதிவதனிதான் அப்படிப் போடுவாள். பக்கத்தில் போனபோது ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது.

"ஏனுங்காத்தா, நர்ஸு வந்துதுங்களா?"

"இல்ல கண்ணு. வெள்ளிக்கெழமைக்குப் பொறவு அந்தப் புள்ளையக் கண்ணுலயே காணோம்" என்றாள் பாப்பாயி.

மத்தியானம் பாப்பாயிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

ரங்கநாயகியின் மனசைக் கொஞ்சம் திறந்து காட்டாமல் மேலே சொல்ல முடியாது. லைனுக்குத் தண்ணீர் தரும் மேல்தொட்டியின் தூணில் ஒரு கரும்பலகை உண்டு. ஒன்பது வருஷமாக அதில் எழுதுகிறவள் அவள்தான். மண்ணெண்ணெய் என்றைக்கு வரும், யார் வீட்டு ஆடு காணோம், யார் பையன் பத்தாவது பாஸ், யார் காலமானார், எல்லாம் அவள் எழுதித்தான் லைனுக்குத் தெரியும். ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிப் படித்துவிட்டுப் போவார்கள். போர்டக்கா என்று கூப்பிடுவார்கள். காலணா வரும்படி இல்லாத வேலை. ஆனால் அந்த அழைப்பு ஒன்றுக்காகவே அவள் மழையிலும் முக்காடு போட்டுக்கொண்டு போய் எழுதினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதிவதனி வந்தாள். காட்டு வேலைக்குப் போகிற மாசாணத்தின் மகள், இருபத்துநாலு வயசு. போர்டில் பாதி கேட்டாள், சுகாதாரச் செய்தி எழுத. ரங்கநாயகி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். ஒரே மாதத்தில் ஜனங்கள் நர்ஸின் பாதியைப் படித்துவிட்டு அப்படியே பெடலை மிதிக்க ஆரம்பித்தார்கள். என்ன எழுத்து! முத்து முத்தாக, உருண்டையாக, மழையில் நனைந்தாலும் குலையாத எழுத்து. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பெற்ற மகள் ஹாரிகா, ஒன்பது வயசு, அவளும் அந்த நர்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். அதே உருண்டை எழுத்து, அதே வாய் திறந்த நாலு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று டீச்சர் கேட்டதற்கு, நர்ஸக்கா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது குழந்தை.

அன்றைக்கு ரங்கநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். அதைத் தனக்கு வைத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மதிவதனி காலையில் வந்து தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் போர்டில் எழுதினாள். 'தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே குடிக்கவும்.' பெரிய பெரிய எழுத்து. இடம் பத்தாமல் ரங்கநாயகியின் பாதியிலும் ஏறி எழுதியிருந்தாள்.

"அக்கா, ஆம்பளைக பூரா ஷிப்டுல இருக்கறாங்க. நீங்க ஊடு ஊடாப் போயி ஒரு சொல்லு சொல்லிப்போடுங்க. நான் பவுடர் எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல வாரேன்."

"நீ போயிட்டு வா அம்மணி. நான் சொல்லிக்கிறேன்."

மொபெட் சத்தம் ரோட்டில் மறைந்தது. ரங்கநாயகி போர்டின் முன்னால் நின்றாள். தன் பாதியில் ஏறியிருந்த அந்த எழுத்தைப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்து முழுப் போர்டையும் துடைத்தாள். பிறகு எழுதினாள்: 'செல்வி ஹாரிகா, கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. கற்றுக்கொடுத்தவர்: தாயார் ரங்கநாயகி.' நர்ஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள், வந்து அவளே மறுபடியும் எழுதிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, தன் வீட்டுத் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்தாள். இதை எப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் நல்லதாக ஆகாது.

நர்ஸ் வரவில்லை. வெள்ளி போய், சனி போய், ஞாயிறும் போயிற்று. திங்களன்று பாப்பாயி.

செவ்வாய்க்கிழமை காலை பத்தொன்பதாம் நம்பரில் ஆறு ஐந்தாகியிருந்தது. அதே பவுடர் வாடை. மதியம் பழனியாத்தாள் சுருண்டு விழுந்தாள், சாயங்காலம் பிணத்தை எடுத்தார்கள். சனிக்கிழமை பன்னிரண்டாம் நம்பர் வீட்டுச் சீர் விருந்தில் போட்ட சாப்பாடுதான் காரணம் என்று லைன் முழுக்கப் பேச்சு. சமையல்காரனை வைதார்கள். ரங்கநாயகியும் கூட நின்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் போதும். தண்ணியைக் கொதிக்க வையுங்கள் என்று நாலு வார்த்தை. ஆனால் அதை யார் சொன்னது, எப்போது சொன்னது, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்களே. நாற்பது வீடும் மதிவதனியைக் கையெடுத்துக் கும்பிடும். இவளை எதைக் கொண்டு சாத்தும் என்று நினைக்கவே கூசியது.

அதோடு அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. நர்ஸ் எங்கேயும் போகவில்லை. போர்டை அழித்தது தெரிந்துபோய், வன்மம் வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் வந்து எழுதிவிட்டுப் போகிறாள். தன்னைப் பயமுறுத்துவதற்கென்றே.

பிடித்துவிடுவது என்று புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தொட்டித் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். தூறல் நின்றும் ஓடுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மில்லிலிருந்து வரும் ஒரே சீரான இரைச்சல், அதற்கு அடியில் தெருக்குழாயில் காற்று வாங்கும் சீறல், எங்கோ ஒரு குழந்தை இருமும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக மக்கிய பஞ்சும் சாக்கடையும் கலந்த அந்த ஐப்பசி நாற்றம். அதற்கு நடுவில் மெல்ல, மிக மெல்ல, மரத்தில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கோடு. இன்னொரு கோடு. நிறுத்தம்.

ஓடினாள். சந்தில் யாரும் இல்லை. இருபத்துமூன்றாம் நம்பர் நிலையில் நாலு மூன்றாகியிருந்தது. சாக்பீஸ் தூள் இன்னும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது குழாயடியில் ஹாரிகா மட்டும் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

இருபத்துமூன்றாம் நம்பரில் வெங்கடபதி. மில்லில் பிட்டர், மூட்டையைத் தனி ஆளாகத் தூக்குகிறவன். மூன்று மணிக்கு அவனும் போனான்.

மூன்று பேரையும் போர்டில் ரங்கநாயகிதான் எழுதினாள். காலமானார் என்று தலைப்புப் போட்டு, ஒருவர் கீழ் ஒருவராக. தன் மகளின் பரிசுச் செய்திக்குக் கீழே.

வியாழக்கிழமை காலை எந்த வீட்டு நிலையிலும் எதுவும் மாறவில்லை. அவள் நாற்பது வீட்டையும் பார்த்துவிட்டாள். தன் வீட்டு நிலையில் மூன்று, மூன்றாகவே இருந்தது. புருஷன் கோவிந்தராஜுலு, ஹாரிகா, அவள். நாலு நாளைக்குப் பிறகு அன்று மதியம்தான் கொஞ்சம் சோறு தின்றாள்.

நாலு மணிக்கு மில் கேட் வாட்ச்மேன் பாலகோபால் போர்டைப் பார்க்க வந்து நின்றார்.

"போர்டக்கா, நர்ஸம்மணி பேரக் காணோமுங்களே? அதையும் எழுதோணுமல்ல?"

"எதை?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அந்தப் புள்ள வெள்ளிக்கெழமையே போயிருச்சுங்க. பவுடர் மூட்டைய வெச்சுக்கிட்டு இங்கதான் திரும்பி வந்துட்டிருந்துருக்குது. ஓடைப் பாலத்துல லாரிக்காரன் அடிச்சுப்போட்டான். மூட்டை ஒடஞ்சு, தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளையாக் கெடந்துச்சாமுங்க. மாசாணம் வந்து அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கே இப்பத்தான் ஆள் சொல்லுச்சு."

அவர் போன பிறகும் ரங்கநாயகி அங்கேயே நின்றாள். வெள்ளிக்கிழமை. அப்படியானால் திங்கள்? செவ்வாய்? நேற்று காலை அந்த உரசல்?

துணியை வாளியில் முக்கினாள். முழுப் போர்டையும் துடைத்தாள். எழுதினாள். தொட்டித் தண்ணீரில் சாக்கடை. கொதிக்கவைத்துக் குடிக்கவும். எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரப் போர்டில் சாக்பீஸ் அப்படித்தான், காய்ந்த பிறகுதான் வெளுத்துத் தெரியும். ஒன்பது வருஷப் பழக்கம் அவளுக்கு. காயட்டும் என்று விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

ஹாரிகா வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். கையில் சாக்பீஸ். நிலையில் மூன்றை அழித்து இரண்டு எழுதியிருந்தாள். உருண்டையாக, அழகாக.

பவுடர் வாடை.

"கண்ணு. யாரு எழுதச் சொன்னது?"

"நர்ஸக்கா."

"எங்க இருக்கறாங்க?"

"இன்னைக்கு மட்டும் இப்ப வந்துட்டுப் போயிட்டாங்க. தெனமும் விடியால பைப்படிக்கு வருவாங்கம்மா. அவங்க எண்ணிச் சொல்லுவாங்க, நான் எழுதுவேன். அக்கா சாக்பீஸப் புடிச்சா உதுந்து போயிருதாம். கையெல்லாம் ஒரே வெள்ளை."

ரங்கநாயகி அவள் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"வேற என்ன பண்ணுனாங்க? சொல்லு கண்ணு. வேற என்ன?"

"தண்ணி புடிச்சுக் குடுத்தாங்க."

"எந்தத் தண்ணி?"

"பைப்புத் தண்ணிதான். எங்கம்மா சுட வெச்ச தண்ணிதான் குடுப்பாங்கன்னு சொன்னேன். லைன்ல எல்லாரும் குடிக்கறதத்தான் நாமளும் குடிக்கோணும்னாங்க." குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "அம்மா, வவுத்த வலிக்குது. தாகமா இருக்குது."

அவள் கால் வழியே இறங்கி முக்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் போல.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். மில் கேட்டில் ஜீப் நிற்கும். ஜீப்பில் போட்டால் அரை மணியில் பெரியாஸ்பத்திரி. அரை மணி. தோளில் கனம் கூடியது. குழந்தையின் கால்கள் ஜில்லென்று அவள் வயிற்றில் மோதின. வீடு. வீடு. குழாயடி. தொட்டி.

ஐந்து நாளாகக் காணாத வெயில் அப்போதுதான் வெளியே வந்தது. மஞ்சள் வெயில். நேராகப் போர்டின் மேல்.

போர்டு காய்ந்துகொண்டிருந்தது.

அவள் எழுதியது அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை அழித்த அறிவிப்பு வரி வரியாக வெளுத்து எழுந்துகொண்டிருந்தது, அவளுடைய பாதியிலும் ஏறி. கீழே, காலமானார். பாப்பாயி. பழனியாத்தாள். வெங்கடபதி. எல்லாம் உருண்டை எழுத்து. நாலாவது வரி இன்னும் ஈரத்துக்குள் இருந்தது. முதல் எழுத்து மட்டும் மேலே வந்திருந்தது.

ஹா.

கேட் ஐம்பதடியில் இருந்தது. ஜீப் நின்றது. டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

ரங்கநாயகி முந்தானையைக் குழாயில் நனைத்து அந்த எழுத்தைத் துடைத்தாள். போயிற்று. வெயில் பட்டது. ஈரம் சுருங்கியது. மறுபடியும் வந்தது, பக்கத்தில் இன்னொரு எழுத்தோடு. துடைத்தாள். வந்தது. துடைத்தாள்.

தோளில் கிடந்த ஹாரிகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தது.

"அக்கா எழுத்து அழகா இருக்குதல்லம்மா" என்றாள் காதோரம்.

ரங்கநாயகி துடைத்துக்கொண்டே இருந்தாள்.