வெதுவெதுப்பான தண்ணீர்

அணைக்கு உள்ளே ஒரு சுரங்கப்பாதை உண்டு. அம்மா அங்கேதான் வேலை செய்கிறாள். பாறையிலிருந்து கசியும் தண்ணீரை அளப்பது அவள் பொறுப்பு. விடுமுறை நாளில் வாலுவும் கூடப் போனாள்.

"ஐயோ, அணை ஒழுகுதும்மா!"

"எல்லா அணையும் கொஞ்சம் கசியும்டி. அளவு கூடினாத்தான் ஆபத்து."

கசிவுநீர் வந்து விழும் குழாய்களில், மலையோரக் குழாயின் கீழே அம்மா வாளியை வைத்தாள். வழக்கமாக அது நிரம்ப நாற்பது விநாடி ஆகும். இன்று இருபதே விநாடி!

மறுபடி அளந்தாள். அதே இருபது.

"ஏரியில தண்ணி ஏறவே இல்லையே! பின்ன எப்படி?" அம்மாவுக்குத் தலை சுற்றியது.

பெரிய பொறியாளருக்கும் புரியவில்லை. "காரணம் தெரியலைன்னா நாளைக்கு மதகைத் திறந்து ஏரித் தண்ணியை வெளியேத்தணும்," என்று போனில் சொன்னார்.

"அப்போ கீழே வயலுக்குத் தண்ணி?" என்றாள் வாலு.

அம்மா மறுபடி வாளியைக் குழாயின் கீழே வைத்தாள்.

வாலு ஒவ்வொரு குழாயிலும் விரலை நீட்டிப் பார்த்தாள். முதல் குழாய் ஜில். இரண்டாவதும் ஜில். மலையோரக் குழாய்...

"அம்மா, இது மட்டும் வெதுவெதுன்னு இருக்கே!"

அம்மாவும் தொட்டாள். "ஏரியோட அடித்தண்ணி ஜில்லுன்னுதானே இருக்கும்? அப்போ இது எங்கேயிருந்து வருது?"

இருவரும் மேலே ஓடினார்கள். மலைச்சரிவில் மதகு இயக்கும் மீசை மாமாவின் தக்காளித் தோட்டம். வெயிலில் சூடான தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் பாத்தி நிரம்பவில்லை. ஒரு பாறை இடுக்கு எல்லாவற்றையும் குடித்தது.

"இதுதான்னு எப்படி நிச்சயமா சொல்றது?" அம்மா குழம்பினாள்.

வாலு வீட்டுக்கு ஓடி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்து வந்தாள். இடுக்கில் முழுப் புட்டியையும் கவிழ்த்தாள்.

சுரங்கத்தில் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் இல்லை. வாலு வாளிக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாளியில் மெல்ல ஒரு நீல இழை நெளிந்தது.

"நீலம்! நீலம்!" சுரங்கமே கூவியது.

செய்தி கேட்டதும் மீசை மாமா ஓடிப்போய் ரப்பர் குழாயை அடைத்தார். "மூணு நாளா அடைக்க மறந்துட்டேனே! என் தக்காளியால ஊரே தவிச்சிருக்குமே!"

"உங்களுக்குத் தெரியாதே மாமா. வாங்க, பாத்தியை அந்தப் பக்கம் மாத்திடலாம்," என்றாள் வாலு.

மறுநாள் வாளி நிரம்ப நாற்பது விநாடி ஆனது. மதகைத் திறக்க வேண்டாம் என்று பொறியாளரிடமிருந்து தகவல் வந்தது.

அம்மா பதிவேட்டை நீட்டினாள். "காரணத்தைக் கண்டுபிடிச்சவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. நீயே எழுது."

வாலு பெரிது பெரிதாக எழுதிய எழுத்துகள் பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டன. அம்மா அழிக்கவே இல்லை.