மாலை நான்கு மணிக்குப் பிறகு அழைக்கவும்

விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய ஆள் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். டாக்டர் அரங்கநாதன் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அன்புக்கரசி ஷட்டரைப் பாதி தூக்கி வந்தவனை உள்ளே விட்டு, மறுபடி இறக்கினாள். அக்னி நட்சத்திர வெயில். ராஜகிரிக் கோட்டைப் பாறைகளில் ஏறிய சூடு ஊரெல்லாம் இறங்கி, ஷட்டர் தகரத்தின் வழியாக உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

"நான் சேரன் மேடம். போன்ல மெசேஜ் வைக்கணும்னு சொன்னாங்களே."

"வாங்க சார். ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்."

உண்மைதான். ஒரு மாதமாக அவள் இவனுக்காகத்தான் காத்திருந்தாள். மதியத்தில் கிளினிக் போன் அடித்தால் எடுக்க அவளுக்குக் கை எழுவதில்லை. நோயாளிகள் டாக்டரிடம் குறை சொன்னார்கள். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு மெஷினே பதில் சொல்லட்டும் என்று யோசனை கொடுத்தது அவள்தான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் இதே போல ஒரு மதியம். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. திரையில் 'பவுனம்மாள், சிங்கவரம்' என்று வந்தது. நாலு வருடமாகச் சர்க்கரைக்கு மருந்து வாங்க வருகிறவள். அன்புக்கரசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்புக்கரசி சாம்பார் சோற்றைப் பிசைந்தபடி, தன் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். ஐந்தாவது தடவை அடித்தபோது எரிச்சலில் கைத்துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

மொத்தம் பதினோரு தடவை.

மறுநாள் காலை, பவுனம்மாள் மாட்டுக் கொட்டகையில் செத்துக் கிடந்தாள் என்றும், விறைத்த கையில் போன் இருந்தது என்றும் யாரோ சொன்னார்கள். அன்புக்கரசி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வந்த பதினோரு அழைப்புகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

சேரன் லேப்டாப்பைத் திறந்தான். "ரெடிமேட் குரல் நிறைய இருக்குது. ஆனா உங்க குரல்லயே பண்ணிடலாம். இருபது வரி படிச்சுக் குடுங்க. அப்புறம் நாம இன்னா டைப் பண்ணாலும் நீங்க பேசற மாதிரியே பேசும்."

அவள் படித்தாள். அவன் ஏதேதோ தட்டினான். பிறகு, கிளினிக்குக்கான வாசகத்தை அடித்துவிட்டு ஓடவிட்டான்.

"வணக்கம். இது அரங்கநாதன் கிளினிக். இப்போது உணவு இடைவேளை. மாலை நான்கு மணிக்குப் பிறகு அழைக்கவும்."

அவளுடைய குரலேதான். அவளைவிடக் கொஞ்சம் மரியாதையாகக்கூட இருந்தது. அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்தது.

வாசகம் முடிந்தும் லேப்டாப் ஓயவில்லை. யாரோ மூச்சு வாங்கினார்கள். மேடேறி வந்தவர்கள் வாங்குவது போல.

"அதுவரைக்கும் தாங்காது பாப்பா."

சேரன் திரையை உற்றுப் பார்த்தான். "இதை நான் அடிக்கலியே. நீங்க படிக்கும்போது வேற எதனா பேசுனீங்களா?"

டெட்டால் வாசனை மட்டுமே இருக்கும் அந்த அறையில் மாட்டு மூத்திர வாடை அடித்தது. ஈரமான கடலைக்கொடி மக்கும் வாடையும் அடித்தது. சேரனுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக அடித்து, மறுபடி ஓடவிட்டான். இந்தத் தடவை வாசகம் சரியாக முடிந்தது.

"அவ்ளோதான். இப்ப கிளினிக் நம்பருக்கு அடிச்சுப் பாக்கறேன்." தன் செல்போனில் அழைத்து, கேட்டு, தலையாட்டினான். "சூப்பர். நீங்களும் கேட்டுப் பாருங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

அவளுடைய குரல் அவளிடம் பேசியது.

"நீ மென்னுக்கிட்டே போனைப் பாத்த. துண்டைப் போட்டு மூடினப்ப எனக்கு இங்க இருட்டிடுச்சு பாப்பா."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இன்னா மேடம், சரியில்லையா? வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன். நீங்களே முன்ன மாதிரி பேசிக்கலாம்."

மேசைமேல் கிளினிக் போன் கிடந்தது. இது வேண்டாம் என்றால் அதை அவள் எடுக்க வேண்டும். நாளைக்கும் எடுக்க வேண்டும். தினமும் எடுக்க வேண்டும்.

"இல்ல சார்," என்றாள். "நல்லா கேக்குது. வச்சிடுங்க."

நாலு நாள் நிம்மதியாகப் போனது. மதியத்தில் போன் அடிக்கவே இல்லை. வருகிற அழைப்பையெல்லாம் மெஷின் வாங்கிக்கொண்டது. அன்புக்கரசி வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

அவள் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தகரம் அதிர்ந்தது. வெளியே இருந்து ஒரு பெண் குரல். "பாப்பா... பாப்பா, தெறங்க பாப்பா..."

அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அந்த ஒரு சொல்தான் விழுந்தது. ஓடிப்போய் ஊசி போடும் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தட்டல் ஓய்ந்து, தெருவில் ஆள் கூடும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்து ஷட்டரைத் தூக்கினாள்.

வாசல்படியில் ஒரு கிழவர் கிடந்தார். தளவானூர்ப் பெரியதம்பி. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கிழவரின் ஒரு கால் செருப்பு வாசலில் நின்ற ஆட்டோவிலேயே கிடந்தது. அவர் மார்பு அசையவில்லை.

கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"நீதான போன் பண்ண?"

"நானா?"

"நெஞ்சு வலிக்குதுன்னு இவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன். நீதான் பண்ண. அங்க போவாத, டாக்டரு இங்கியே உக்காந்திருக்காரு, கூட்டியா, நான் தெறக்கறேன்னு சொன்ன. பேரைச் சொல்லிக் கூப்ட்டுச் சொன்ன." அவள் குரல் உடைந்தது. "உள்ளதான இருந்த? தெறக்கறதுக்கு இன்னாடி?"

அன்புக்கரசி சேரனை அழைத்தாள்.

"சான்சே இல்ல மேடம்," என்றான் அவன். "அது வர்ற காலுக்குப் பதில் சொல்லும், அவ்ளோதான். தானா யாருக்கும் அடிக்காது."

"அழிச்சிடுங்க சார். இப்பவே. என் குரலை அழிச்சிடுங்க."

அழித்துவிட்டதாகப் பத்து நிமிடத்தில் செய்தி அனுப்பினான்.

டாக்டர் வந்தார். கலைச்செல்வியின் போனை வாங்கிப் பார்த்தார். கிளினிக் நம்பரிலிருந்து ஒன்று நாற்பதுக்கு அழைப்பு வந்திருந்தது. கலைச்செல்வியின் போன் எல்லாப் பேச்சையும் தானாகப் பதிவு செய்யும். பதிவான பேச்சைக் கூட்டத்தின் நடுவே ஓடவிட்டார்கள். அன்புக்கரசி தன் குரல் கொஞ்சியும் கெஞ்சியும் ஒரு கிழவரைச் சாவுக்கு அழைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"உன் குரல்தானம்மா இது," என்றார் டாக்டர்.

"என் குரல்தான் சார். ஆனா நான் பேசல."

யாரோ அவள் முதுகில் அடித்தார்கள். போலீஸ் வருவதற்குள் போய்விடு, இனி இந்தப் பக்கம் வராதே என்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம், திண்டிவனத்தில் மெக்கானிக்காக இருக்கும் தம்பி நெடுமாறன். தொண்டை வறண்டு எரிந்தது. அவனை அழைத்தாள்.

"நெடு, நான்தான்டா..."

"யாரு ஆயா பேசறது?"

"அக்காடா. அன்பு."

"இது எங்க அக்கா போனாச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" அவன் குரலில் சந்தேகம். "கீழ கெடந்துச்சா? அக்கா இப்ப இன்னொரு லைன்லதான் இருக்குது. கிளினிக் போன்லருந்து பேசுது. உடம்பு சரியில்லையாம், உடனே வண்டி எடுத்துக்கிட்டு வான்னு அழுவுது."

"வராத! நெடு, அங்க வராதடா! அது நான் இல்லடா!"

"எங்க அக்கா குரல் எனக்குத் தெரியாதா? இது வயசானவங்க குரலு. அந்தப் போனை போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுங்க ஆயா, புண்ணியமாப் போவும்."

துண்டித்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். அவன் வேறொரு அழைப்பில் பேசிக்கொண்டிருப்பதாகப் போன் சொன்னது. மறுபடி அழைத்தாள். பேசிக்கொண்டே இருந்தான்.

பக்கத்தில் காத்தாயியின் டீக்கடை. ஆறு வருடமாகத் தினமும் காலையில் அன்புக்கரசி டீ குடிக்கும் கடை. காத்தாயி முதுகைக் காட்டிக்கொண்டு பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வேறு போனிலிருந்து, வேறு யாராவது பேசினால் அவன் நம்புவான். அன்புக்கரசி பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா, உன் போனைக் கொஞ்சம் குடுக்கா. என் தம்பிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

"இரு ஆயா, பாலு பொங்குது," என்றாள் காத்தாயி, திரும்பாமலே. அடுப்பைத் தணித்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அன்புக்கரசியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அன்பு," என்றாள் மெதுவாக. "இப்ப யாருடி பேசினது?"