வெடித்த பானை, கருகிய கிழங்கு

செல்லசாமி தம்பிஐயாவின் வாசலில் வந்து நின்றபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றதை அக்கரப்பத்தனையில் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் விட்டுவிட்டாராம். தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் இருபது வருஷமாக ஊசி போடுகிற மனிதர். 

"என்னைய அடிச்சே கொன்னுருவாங்க சேர்," என்றார்.

"இருங்கோ. முதல்ல தண்ணியைக் குடியுங்கோ," என்றார் தம்பிஐயா.

தம்பிஐயா மருந்துப் பரிசோதகராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஓய்வு பெற்ற பிறகும் தலவாக்கலையை விட்டுப் போகாதவர். புதிர் என்று யாராவது வாசலேறினால் சோற்றையும் மறந்துவிடுவார். விறாந்தை மூலையில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்த மண்பானையிலிருந்து அவர் தண்ணீர் மொண்டு கொடுக்க, மருந்துக்கடை மஃறூப் சிரித்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர், சொந்த வேனும் உள்ளவர். தம்பிஐயாவின் துப்பறிதலுக்கெல்லாம் கூட்டாளி.

"பல்லு கிட்டிக்கிற இந்தக் குளிருல பானைத் தண்ணி! நம்ம சேர் இன்னும் யாழ்ப்பாணத்துலதான் ஈக்கிறாரு."

செல்லசாமி சிரிக்கவில்லை; வந்த விஷயத்தைச் சொன்னார். கொழுந்து பறிக்கும் மீனம்மாவின் ஒரே மகள் லோஜனாவுக்குப் பதினான்கு வயது. சர்க்கரை வியாதி, இன்சுலின் இல்லாமல் உயிர் தங்காது. மருந்தகம் தூரம் என்பதால் மீனம்மாவே ஊசி போடப் பழகியிருந்தாள்.

"தைப்பொங்கல் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சேர். பொறகு மூத்திரத்த நீல மருந்துல போட்டுக் காய்ச்சினா செங்கல் செவப்பா வருது. அவ்வளவு சீனி. ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் வச்சிருந்தாங்க, அங்க நீலம் நீலமாவே இருந்துச்சு. லயத்து வீட்டுக்கு வந்தா மறுபடியும் செவப்பு. புள்ள எலும்பாப் போச்சு. டாக்டரு அந்தி ஊசிய பத்துலேருந்து இருபத்தாறுக்குக் கூட்டிட்டாரு. அப்பயும் கேக்கல."

"சனம் என்ன சொல்லுது?"

"நல்ல மருந்த வித்துட்டு வெறும் தண்ணிய அடைச்சுக் குடுத்தேன்னு பாதிப் பேரு. மீதிப் பேரு, இந்தப் புது இன்சுலின கிருமிக்குள்ள செய்றாங்களாம், கிருமிதான் புள்ளைய உள்ளாறத் திங்குதுன்னு. கம்பும் கத்தியுமா நிக்கிறாங்க சேர். ஆனா அதே பெட்டியில இருந்து எடுத்த மருந்து இன்னும் மூணு பேருக்கு நல்லா வேல செய்யுது."

"இப்ப பிள்ளை எந்த மருந்தில இருக்கிறா?"

"பழைய புட்டி முடிஞ்சிருச்சு. காலையிலதான் பெட்டியிலேருந்து புதுப்புட்டி குடுத்தேன். அஞ்சரைக்கு ஊசி."

மஃறூப் வேனின் சாவியை எடுத்துவிட்டார்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். முற்றத்தில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். செல்லசாமியைக் கண்டதும் சத்தம் எழுந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு முன்னால் நின்றவன் ஆண்டியப்பன், மீனம்மாவின் தம்பி.

"பரிசோதகர் அய்யா வந்திருக்காரு. அவரு பாக்கட்டும்," என்றாள் மீனம்மா. 

உள்ளே லோஜனா சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தம்பிஐயா பழைய புட்டியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் எஞ்சிய மருந்து மோர் திரிந்ததைப் போலக் கட்டிகட்டியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. புதுப்புட்டியைக் குலுக்கினார். அது ஒரே சீரான பாலாக இருந்தது.

"பழைய புட்டியை எங்க வச்சிருந்தனீங்கள்?"

"அடுப்பு சூடு படக்கூடாதுன்னு ராவுல பின்பக்கத் திட்டுல வப்பேங்க. கூட்டத்துல சொன்ன மாதிரியே பானையில ஈர மணலப் போட்டு, நடுவுல புட்டியச் சொருகி."

தம்பிஐயா புட்டியைக் கீழே வைத்தார். பின்பக்கம் நடந்தார். திட்டின் மேல் சிறு மண்பானை மேலிருந்து கீழாக வெடித்திருந்தது. பக்கத்தில் நாலு பாத்தி உருளைக்கிழங்குச் செடி. இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துக் கிடந்தது.

"பானைய யாரோ கல்லால அடிச்சிருக்காங்க சேர்!" என்றார் மஃறூப் ஆர்வத்தோடு. "செடிக்கும் மருந்து தெளிச்சிருக்காங்க. பகையாளி வேலை."

"பகையுமில்ல, ஒண்ணுமில்ல," என்றான் ஆண்டியப்பன். "அந்தக் கிழங்கு நாத்தும் ஆய்வுகூடத்துக் குடுவையில முளைக்க வச்சதுதான். அந்த மருந்தும் ஆய்வுகூடத்துல செஞ்சது. ரெண்டும் ஒரே காலையில கெட்டுப்போச்சு. பொங்கலுக்கு மூணாம் நாளு."

"ஒரே காலையிலயா? நல்லா ஞாபகமா?"

"பானை வெடிச்சதும் அன்னைக்குத்தாங்க," என்றாள் மீனம்மா. "கண்ணூறுன்னு நெனச்சேன். உள்ள இருந்த மணலு மட்டும் சிந்தாம நின்னுச்சு, கல்லாட்டம்." உள்ளே திரும்பிப் போனாள்.

தம்பிஐயா வெடிப்பில் விரலை வைத்தார். சட்டென்று திரும்பினார்.

"மஃறூப், மணி என்ன?"

"அஞ்சரை."

அறுபத்திரண்டு வயது மனிதர் ஓடியதை மஃறூப் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். உள்ளே மீனம்மா புதுப்புட்டியிலிருந்து இருபத்தாறு அளவு இழுத்து, மகளின் தொடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊசி முனை தோலைத் தொட்டுவிட்டது.

"குத்தாதேங்கோ!" தம்பிஐயா அவள் கையைப் பிடித்துவிட்டார். "பிள்ளை செத்துப்போகும்!"

 ஆண்டியப்பன் கத்தியோடு உள்ளே வந்தான்.

"செல்லசாமி, துரை பங்களாவுக்கு ஓடுங்கோ. பழைய புட்டி பொங்கலோட செத்திட்டுது, புதுசு நல்லது எண்டு டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லி, அளவு கேளுங்கோ."

செல்லசாமி ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு ஓடினார். தம்பிஐயா வாசற்படியில் நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

"மனுச உடம்பில இன்சுலினுக்கு ஒரு மரபணு இருக்கு. அதைக் கிருமிக்குள்ள வைச்சு வளர்த்தா, கிருமி எங்களுக்காக இன்சுலின் செய்யும். பிறகு கிருமியை நீக்கி, சுத்தமாக்கித்தான் புட்டியில அடைக்கினம். அது விஷமில்ல. செல்லசாமியும் களவெடுக்கேல்ல. களவெடுத்திருந்தா அந்தப் பெட்டியில மருந்து வாங்கின மற்ற மூண்டு பேரும் விழுந்திருப்பினம்."

"அப்ப யாருங்க செஞ்சது?" என்றான் ஆண்டியப்பன்.

"பொங்கலுக்கு மூண்டாம் நாள் விடிய இங்க தரை எப்பிடி இருந்தது?"

ஆண்டியப்பன் யோசித்தான். "உறைபனி கொட்டுச்சுங்க. புல்லெல்லாம் வெள்ளையா."

"அந்தப் பனிதான் செடியைக் கருக்கினது. குடுவை நாத்தெண்டாலும் வயல் நாத்தெண்டாலும் அது பார்க்காது. ஈரப்பானை வெளியைவிட இன்னும் குளிரும். மணலில இருந்த தண்ணி கட்டியாகிப் பானையை வெடிக்க வைச்சது. மணல் சிந்தாமல் கல்லு மாதிரி நிண்டது அதாலதான். உள்ள இருந்த இன்சுலினும் உறைஞ்சது. உறைஞ்ச இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில வேற புட்டி, அங்க நீலம். இங்க செத்த புட்டி, அதால சிவப்பு. அது கேக்கேல்ல எண்டு டாக்டர் அளவைக் கூட்டினார். இப்ப உயிருள்ள மருந்தை அதே இருபத்தாறுக்குப் போட்டிருந்தா, சீனி ஒரேயடியா இறங்கி, பிள்ளை விடியமுதல் போயிருக்கும்."

மீனம்மா ஊசியை நீட்டினாள். மஃறூப் மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஆனா சேர்," மஃறூப்புக்கு விடை வேண்டியிருந்தது, "பானையில வைக்கச் சொன்னது யாரு?"

தம்பிஐயா வாசற்படியில் உட்கார்ந்தார். 

"கார்த்திகையில மருந்தகத்தில ஒரு கூட்டம் நடந்தது. வீட்டில ஃபிரிட்ஜ் இல்லாட்டி ஈரமணல் பானை போதும், காத்துப் படுற இடத்தில வையுங்கோ எண்டு ஒருத்தர் பேசினார். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு அது சரி. அப்பிடிப் பேசினது நான்தான்."

 ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

செல்லசாமி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "பத்துதான் சேர்! பழைய அளவு பத்து! போட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொல்லிட்டாரு!"

அவரே ஊசியை வாங்கி, மிகுதியை வெளியே தள்ளினார். பதினாறு அளவு மருந்து துளித்துளியாகச் சாணம் மெழுகிய தரையில் விழுந்தது. மீதிப் பத்தை லோஜனாவுக்குப் போட்டார்.

மஃறூப் வேனை லயத்து வாசல்வரை ஏற்றினார். ஆண்டியப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மீனம்மா ஏறுமுன் தம்பிஐயா கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க சாமி. நானும் ஒரு நாளு விடாம நீங்க சொன்னபடியே செஞ்சேன்." பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "பேசுறதுக்கு முந்தி ஒரு ராத்திரி எங்க லயத்துல படுத்துப் பாத்திருக்கலாமுங்க."