சுவரேறிய தீர்ப்பு

வியாழக்கிழமை விடிந்தால் லண்டன் ஹரோவில் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் சிவகௌரியின் வீட்டிலும் நடந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னால் அவள் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். புதன் மாலை மேன்முறையீட்டுப் பேராயம் தன் தீர்ப்புகளை வெளியிடும். இரவோடிரவாக அவை நாட்டிலுள்ள சுவர்களிலெல்லாம் ஏறிவிடும். தீர்ப்பேற்றம் என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் கைபேசிக்கு அப்டேட் வந்ததுபோல இப்போது வீட்டுக்குச் சட்டம் வந்துகொண்டிருந்தது. நேற்றுவரை செய்துவந்தவற்றில் எது இன்றைக்குக் குற்றம் என்பது எழும்பிச் சுவரைப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கு ஒரே ஒரு சங்கதி. கதவை அறைந்து சாத்துவதும் இனிமேல் குரல் உயர்த்திய குற்றத்தில் சேர்த்தி. பெருமூச்சு போன மாதமே சேர்ந்துவிட்டது.

கணவன் ரூபன் வாயைத் திறக்காமல் சீனிப் போத்தலைக் காட்டினான். கௌரி ஒரு விரலை உயர்த்தினாள். கலியாணமாகி வந்த புதிதில் அந்த ஒரு கரண்டி சீனிக்காக இருவரும் அரை மணி நேரம் சண்டை பிடித்திருக்கிறார்கள், அதில் பாதி சிரிப்பு. இப்போது கதிரைக் கால்களுக்கு ரப்பர் போட்டாயிற்று. சத்தத்தை அளக்கச் சுவரில் பதித்திருந்த குரல்மானி பச்சையாக ஒளிர்ந்தது. மகள் ஆரணியைக் கொண்டுபோன நாளிலிருந்து அது பச்சையை விட்டு அசையவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் சர் ஒர்லாண்டோ விதரிங்டன் என்ற மூத்த நீதிபதி எழுதிய ஒரு வாக்கியம். எங்கோ ஒரு தகப்பன் பிள்ளையை அடித்த வழக்கு. அடித்ததை நிரூபிக்கச் சாட்சியில்லை. கத்தியது மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது. கையில் அகப்பட்டதை விடுவானேன் என்று சர் ஒர்லாண்டோ எழுதினார்: ‘குரல் உயர்வதே தீங்கு; கை அதன் அடிக்குறிப்பு.’ வாக்கியம் வடிவாக இருந்ததால் அது உண்மையாகவும் இருக்கும் என்று நாடு முடிவு செய்தது. சட்டக் கல்லூரிகளில் அதை மனப்பாடம் செய்தார்கள். தேநீர்க் கோப்பைகளில் அச்சடித்து விற்றார்கள். ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் அவர். அங்கே யாரும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. யாரும் அவரிடம் பேசியதாகவும் தெரியவில்லை.

பேராயத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து அமர்வார்கள். ஒருவர் தீர்ப்பை எழுதுவார். மற்ற இருவரும் ‘உடன்படுகிறேன், சேர்க்க ஒன்றுமில்லை’ என்பார்கள். நூற்றாண்டுகளாக வரும் வழக்கம். அதைச் சொல்வதற்கு அவர்களுக்குக் குதிரைமயிர்ப் பொய்முடியும், சர் பட்டமும், கதவு திறந்துவிட ஆளும் உண்டு. குரல்மானி பொருத்தாத கட்டடம் நாட்டில் அது ஒன்றுதான். நீதிபதிகள் இருமுவார்கள் அல்லவா.

இலங்கையின் கோப்பாயில் பிறந்த கௌரிக்கு மெல்லப் பேசுவதென்றால் யாரையோ பற்றிக் கோள் சொல்வது. அக்காவோடு தொலைபேசியில் கதைத்தால் ஊருக்கே நேரே கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் கதைப்பாள். ரூபன் காலையில் படிக்கட்டின் அடியில் நின்று, “ஆரணி, சப்பாத்தைப் போட்டாச்சோ” என்று கூப்பிடுவான். மேலேயிருந்து அதைவிடப் பெரிய சத்தத்தில், “ஒண்டு போட்டிட்டன்” என்று பதில் வரும். குரல்மானிக்கு இதெல்லாம் சிவப்பு. சிவப்புகள் கூடியதும் குழந்தை அமைதிச் சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அன்றைக்கு யாருமே சத்தம் போடவில்லை. அதைத்தான் கௌரியால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. சபைப் பெண் கிசுகிசுத்தாள். பொலிஸ்காரர் கிசுகிசுத்தார். ஆறு வயதுப் பிள்ளையைக் கதவுநிலையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தபோதும் எல்லோரும் அவ்வளவு பண்பாக நடந்துகொண்டார்கள். கத்தினால் வழக்கு இன்னும் மோசமாகும் என்று ரூபன் கௌரியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். சபைப் பெண் போகும்போது ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னாள்.

மேன்முறையீட்டை எடுத்து நடத்த வந்தவன் நிமலன். லண்டனிலேயே பிறந்தவன், பெரிய வழக்கறிஞன், கௌரியைவிட இளையவன். தமிழை அளந்து பேசுவான். தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அளவு பார்க்கமாட்டான். தாங்கள் இப்போது வீட்டில் மூச்சுக்கூட விடுவதில்லை, சுவர் எப்போதும் பச்சைதான் என்று கௌரி ஒவ்வொரு சந்திப்பிலும் அவனுக்குச் சொன்னாள். நல்லது அக்கா, நல்லது என்று அவனும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினான். அவன் மனம் முழுக்கத் தன் வாதத்தில் இருந்தது. அது என்ன வாதம் என்று அவளுக்கு அவன் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் கேட்டால் அழுதுவிடுவீர்கள் என்றான்.

அந்த வியாழக்கிழமைதான் விசாரணை; நீதிமன்றத்தில் கேட்டாள். உண்மையில் அழகான வாதம்தான். தமிழ் வீட்டில் உரத்த குரல் கோபமல்ல, அது அன்பின் அளவு என்றான் நிமலன். தூரத்தில் நிற்பவனைக் கூப்பிடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவது, அவன் தூரம் போய்விடக் கூடாது என்பதற்காக என்றான். ஒரு பேராசிரியை வந்து வரைபடம் போட்டுக் காட்டினாள். சபையின் வழக்கறிஞர் எழுந்து, ‘என் கற்றறிந்த நண்பர்மீது மிகுந்த மரியாதையுடன்’ என்று தொடங்கினார். மடையனே என்று திட்டுவதற்கு அந்த மன்றத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

சர் ஒர்லாண்டோ கண்களை மூடிக் கேட்டார். நித்திரையோ என்று கௌரி பயந்தாள். திறந்தபோது அவர் முகத்தில் ஒரு கனிவு இருந்தது. தாம் ஒருமுறை விடுமுறையில் இலங்கைக்குப் போயிருந்ததாகவும், ஒரு கோவிலின் மேளச் சத்தத்தில் மனம் இளகிப்போனதாகவும் சொன்னார். வாதத்தைத் தாம் முழுமையாக ஏற்பதாகச் சொன்னார். ரூபன் கௌரியின் கையை இறுக்கிப் பிடித்தான்.

பிறகு அவர், வீட்டின் அண்மைக்காலக் குரல்மானிப் பதிவைக் காட்டும்படி கேட்டார். திரையில் ஒரு கோடு விழுந்தது. பச்சையாக, வளைவே இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும்.

மதிய உணவுக்குப் பிறகு தீர்ப்பு. இந்தச் சமூகத்தில் சத்தமே அன்பு என்பதை மன்றம் ஏற்கிறது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். அப்படியானால், பிள்ளை போன நாளிலிருந்து ஒரு சொல்கூட உயராத வீட்டில் அன்பு இல்லை என்பதையும் மன்றம் கனத்த மனதுடன் காண்கிறது. மேன்முறையீடு தள்ளுபடி. தாய் தன் பாசத்தைக் குரல் மூலம் நிரூபிக்கும்வரை பிள்ளை சபையின் அமைதி இல்லத்திலேயே இருக்கட்டும்.

வலப்பக்கத்தில் இருந்த நீதிபதி அம்மையார், உடன்படுகிறேன், சேர்க்க ஒன்றுமில்லை என்றார். இடப்பக்கத்தில் இருந்தவர், உடன்படுகிறேன் என்றார். சேர்க்க ஒன்றுமில்லை என்பதைக்கூட அவர் சேர்க்கவில்லை. நிமலன் இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னான்.

வெளியே படிகளில் அவன் முகம் பளபளத்தது.

“அக்கா, எங்கட வாதத்தை அப்பிடியே ஏத்துக்கொண்டிட்டினம். விளங்குதோ? இது சட்டப் புத்தகத்தில வரும். ஆரணி வழக்கு எண்டு சொல்லித்தான் இனிப் பிள்ளையள் படிக்கப்போகினம்.”

“எந்தப் பிள்ளையள்?” என்றாள் கௌரி.

“சட்டம் படிக்கிற பிள்ளையள்.”

“என்ர பிள்ளை?”

நிமலன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். “அதில மட்டும் கொஞ்சம் பின்னடைவு.”

“தம்பி, நாங்கள் சத்தம் போடாமல் இருக்கிறம் எண்டு உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?”

“சொன்னனீங்கள்தான். அது வேற பொயின்ற் எண்டு நினைச்சன்.”

அவன் இன்னும் கழற்றாத வழக்கறிஞர் பொய்முடியைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஆனால் மாதக்கணக்காக அடக்கிய கோபம் தொண்டைவரை வந்து, பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டது. ஏசத் திறந்த வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

அடுத்த புதன் இரவு தீர்ப்பு சுவரேறியது. தமிழ் வீடு என்று பதிவான எல்லா வீடுகளிலும் குரல்மானி தலைகீழாகத் திரும்பிற்று. மௌனம் சிவப்பு, சத்தம் பச்சை. ஹரோவின் தெருக்களில் வியாழன் காலை தமிழர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகள்மீது அன்பாக இருக்கத் தொடங்கினார்கள். கதைக்க ஒன்றும் அகப்படாதவர்கள் மரக்கறிகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எதிர்வீட்டு மனிதர் வாய்பாடு ஒப்பித்தார். பண்பாட்டை மதிக்கும் தீர்ப்பு என்று தமிழ்ச் சங்கம் சர் ஒர்லாண்டோவுக்குப் பொன்னாடை போர்த்தியது. அவர் மேடையில் மெல்லிய குரலில் வணக்கம் சொன்னார்.

கௌரியும் ரூபனும் பயிற்சி எடுத்தார்கள். முதல் நாள் அவளுக்குக் குரலே வரவில்லை. ரூபன் கத்தரிக்காய் என்று கத்தினான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வெண்டிக்காய் என்றாள். பச்சை வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் மூண்டது. சுத்தியலை எடுத்து அந்தப் பெட்டியை உடைத்தால் வீடு போகும், பிள்ளையும் போகும். முருங்கைக்காய் என்று கத்தினாள். இன்னும் நல்ல பச்சை.

பிள்ளையைப் பார்க்க அனுமதி கிடைத்த நாளில், அமைதி இல்லத்தின் சந்திப்பறையில் சபைப் பெண் ஒரு மூலையில் இருந்தாள். சந்திப்பு பதிவாகும், இந்தச் சுவருக்கும் தமிழ் வீட்டுக் கணக்குத்தான் என்று கிசுகிசுத்தாள். பச்சை நிலைத்தால் அடுத்த மாதமே பிள்ளையை அனுப்பலாமாம். இல்லையென்றால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

ஆரணி வந்தாள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள். காலில் கம்பளிச் சப்பாத்து. நடந்து வந்ததே கேட்கவில்லை. தாய்க்கு முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கௌரி முழங்காலில் இருந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, படிக்கட்டடியிலிருந்து கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். “ஆரணி!”

அறை அதிர்ந்தது. சுவர் பச்சையானது. சபைப் பெண் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள்.

பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. ஓடிவந்து தன் இரண்டு சின்னக் கைகளாலும் தாயின் வாயைப் பொத்தினாள். காதோடு காதாக, மூச்சளவுக்கு மேல் போகாத குரலில் சொன்னாள்.

“கத்தாதேங்கோ அம்மா. உங்களையும் கொண்டுபோயிடுவினம்.”

கௌரி அசையவில்லை. சுவரில் பச்சை வடிந்துகொண்டிருப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. இந்தக் கைகளை விலக்கிவிட்டு இன்னொருமுறை கத்தினால் பிள்ளை அடுத்த மாதம் வீட்டில் இருக்கும். கத்துகிற அம்மாவின் வீட்டில். சபைப் பெண் தொண்டையைச் செருமி நினைவூட்டினாள்.

அவள் விலக்கவில்லை. அந்தச் சின்ன உள்ளங்கைகளுக்குள்ளேயே, உதடுகள் மட்டும் அசைய, சர் ஒர்லாண்டோவையும் அவருக்கு வலப்பக்கத்தவரையும் இடப்பக்கத்தவரையும் ஒவ்வொருவராக, தன் வாயில் அதுவரை வந்திராத சொற்களையெல்லாம் தேடித் தேடி எடுத்து ஏசினாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. உதடு அசைந்து உள்ளங்கை கூசியதும் ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சின்னச் சிரிப்பு. உடனே திடுக்கிட்டு, ஒரு கையைத் தாயின் வாயிலேயே வைத்தபடி, மற்றக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.