குக்கருக்குள் முப்பத்தோராயிரம் மணி நேரம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டின் மூத்தவர் குலசேகரன், மணம் செய்துகொள்ளாமல் அண்ணனோடு தங்கிவிட்ட அவருடைய தங்கை தில்லைநாயகி, மகள் பூங்கோதை, மருமகன் நிகரன், நிகரனின் தந்தையும் இந்த வீட்டுக்குச் சம்பந்தியுமான ராஜமாணிக்கம். உப்புமாப் பாத்திரத்தோடு சுவரோரம் நின்ற ஏவலனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அது எந்திரன். அதற்குக் கண் உண்டு, ஆனால் அதன் பார்வை செல்லாது.

விருந்தாளியான ராஜமாணிக்கத்தைத் தவிர மற்ற நால்வரும் வலக்கண்ணால் உப்புமாவைப் பார்த்தபடி, இடக்கண்ணால் இறந்துபோனவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாயின் மேலக் குவிமாடத்தில் எல்லா வீடுகளிலும் மாலையில் நடப்பதுதான் இது. குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் இடக்கண்ணில் விழிமணி பொருத்துவார்கள். கல்யாணம், சாவு, முதல் நடை என்று வேண்டியதையெல்லாம் அது பதிவாக்கிப் பொதுப்பேழைக்கு அனுப்பும். பொதுப்பேழையில் இடம் கொஞ்சம். ஆகவே குடியேறிய நாளிலிருந்தே ஒரு சட்டம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எந்த மனிதக் கண்ணும் பாராத பதிவு கரைக்கப்படும். கரைய விட்ட வீட்டின் பெயர் ஒரு வாரம் பெரிய அழுத்தக் கதவில் பலகையாகத் தொங்கும். நகருக்குள் வருகிறவர்களும் போகிறவர்களும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் கதவைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கதவுக்கு முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர் குலசேகரன். எத்தனையோ நல்ல குடும்பங்களின் பெயர்களைத் தம் கையாலேயே மாட்டியிருக்கிறார். சொந்தத் தகப்பனின் சாவுச் சடங்கைக் கரைய விட்ட வீடுகள் உண்டு. தம் வீட்டுப் பெயர் அந்த ஆணியில் ஒருநாளும் தொங்கக் கூடாது என்பதற்காக அவர் முறைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார். குடும்பப் பதிவுகள் மொத்தம் முப்பத்தோராயிரம் மணி நேரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தால், பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்று முடியும்.

"அத்தே, நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள் பூங்கோதை.

"உங்க தாத்தாவோட பல்லு பிடுங்கறாங்க. நாப்பது நிமிஷம். யாருடி இதையெல்லாம் பதிவு பண்ணது?"

"என் கல்யாணப் பந்தி ஓடுது. அம்மா கரண்டியோட வர்றா. சீக்கிரம் மாத்துங்க!"

எல்லோரும் இடக்கண்ணைப் பந்திக்கு மாற்றினார்கள். பந்தியில் ராஜமாணிக்கம் சாம்பாரில் உப்பில்லை என்று உரக்கச் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன காந்திமதி, குலசேகரனின் மனைவி, கரண்டியை இடுப்பில் ஊன்றியபடி அவர் இலை முன்னால் வந்து நின்றாள். அவள் வாய் திறக்குமுன் கூடத்தில் நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"உப்பு இலையிலயே வெச்சிருக்கு சம்பந்தி. கை எட்டலைன்னா சொல்லுங்க, நானே பிசைஞ்சு தர்றேன்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ராஜமாணிக்கம் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதையே பார்த்துச் சிரிப்பீங்க?"

"சட்டப்படி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும் சம்பந்தி" என்றாள் தில்லைநாயகி. "நாங்க ஆசைக்கு மாசம் ஒரு தடவை பார்க்கறோம்."

நிகரன் தொண்டையைக் கனைத்தான். வியாழனின் நிலவுக் குடியிருப்பில் அவனுக்கும் பூங்கோதைக்கும் வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லத்தான் தகப்பனாரையும் வரச் சொல்லியிருந்தான். சொல்லி முடித்தான். குலசேகரன் மகளைப் பிரிவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் அவருக்கில்லை.

"அங்க போயிட்டா உங்க பார்வை அந்த ஊர்க் கணக்குல ஏறிடும் இல்லையா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். மீதி இரண்டு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். தில்லைக்கோ விளக்கு வைத்துவிட்டால் இடக்கண்ணில் நீர் வடியும். பத்து ஆண்டுக்குள் எதுவோ ஒன்று கரையும். அது காந்திமதி நிற்கும் ஏதோ ஒரு பதிவாகவும் இருக்கலாம். ஆணியில் தொங்கும் பலகை அவர் கண்முன் வந்தது.

"வீட்டுப் பேழை ஒண்ணு கட்டப் போறேன்" என்றார். "பொதுப்பேழையிலேர்ந்து நம்ம பதிவு மொத்தத்தையும் திருப்பி வாங்கிக்கறேன். வீட்டுல இருக்கறதைக் கரைக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது."

மறுநாளே பழஞ்சாமான் கிடங்குக்குப் போனார். முதல் கப்பலில் வந்தவர்கள் பூமியிலிருந்து தூக்கிவந்த கணினிகள் அங்கே மூலையில் குவிந்து கிடந்தன. ஒரு தாய்ப்பலகை, ஒரு மின்வழங்கி, முணுமுணுக்கும் விசிறி ஒன்று, பழைய திரை ஒன்று, பதிவுகளைச் சேமிக்கும் ஐந்து வன்தட்டுகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார். முதல் தட்டை இயக்கிய அன்றே அது கீச்சென்று கத்திச் செத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கதவு மேற்பார்வையாளருக்கு அரைமணி நேரம்தான் ஆனது. வன்தட்டின் எழுதுமுனை, சுழலும் தட்டின்மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்து ஓட வேண்டும். குவிமாடத்துக் காற்றோ பூமியின் மலையுச்சிக் காற்றைவிட லேசானது. அது முனையைத் தாங்காது. முனை உரசினால் பதிவு பாழ். தட்டுகளுக்குத் தேவை நல்ல அழுத்தமுள்ள, மூடிய, உறுதியான ஓர் அறை.

அவர் சமையலறைக்குப் போய்க் காந்திமதியின் பத்து லிட்டர் குக்கரை எடுத்து வந்தார்.

"அண்ணே, அது அண்ணி சீர்ல வந்தது!" என்றாள் தில்லை.

"அவளைத்தானே இதுக்குள்ள வைக்கப் போறேன்."

மீதி நான்கு தட்டுகளும் அதனுள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. வெயிட் இருந்த குழாயைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, கம்பிகளை அதன் வழியே இழுத்து, அழுத்தக் கதவுக்குப் பூசும் பசையால் அடைத்தார். ரப்பர் வளையம் மட்டும் புதிது. மூடியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திக் காற்றை ஏற்றினார். குக்கரைக் குளிர்ந்த தரைத்தகட்டின்மேல் வைத்ததால் சூடும் ஏறவில்லை. ஒவ்வொரு பதிவும் இரண்டு தட்டுகளில் எழுதப்படுமாறு செய்தார். ஒன்று செத்தாலும் மற்றொன்று காக்கும். பார்க்க வந்த ராஜமாணிக்கம், "எத்தனை விசில் விடணும் சம்பந்தி?" என்று கேட்டார். 

எழுதத் தொடங்குமுன் தட்டுகளில் ஏதாவது இருக்கிறதா என்று திரையை இணைத்துப் பார்த்தார். இருந்தது. பூமியில் வாழ்ந்த யாரோ ஒரு குடும்பத்தின் நாற்பத்தோராயிரம் படங்கள். ஒரே தோசை ஏழு கோணத்தில். ஒரே சூரியன் முப்பது முறை மறைந்தது. ஒரு பெண் குழந்தை முதல் அடி வைப்பதைப் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பக்கமிருந்து எடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு தேதிகள்: எடுத்த நாள், கடைசியாகத் திறந்த நாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனார். எங்கேயும் மாறவில்லை.

"தில்லை, இங்க வா. இவங்க ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கல!"

"கரைஞ்சிடுமேன்னு பயமில்லையா?"

"கரையாதுன்னு தெரியும் போல. தானா கிடக்கும்னு விட்டிருக்காங்க. பெத்த பொண்ணு நடக்கறா, அதைப் பார்க்க நேரமில்ல. மானம் இருக்கற ஜனங்களா இவங்க?"

குழந்தை நடக்கும் பதிவை மட்டும் அவர் ஓடவிட்டார். அவள் மூன்றாவது அடியில் திரும்பி, கருவியை வைத்திருந்தவனிடம் கை நீட்டினாள். "காட்டு, காட்டு" என்றாள். "எங்க போயிடப் போகுது கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றது ஆண் குரல்.

குலசேகரன் முகம் சுளித்தார். நாற்பத்தோராயிரத்தையும் அழித்தார்.

அடுத்த பதினோரு நாட்களில் குடும்பத்தின் பதிவுகள் மொத்தமும் பொதுப்பேழையிலிருந்து குக்கருக்குள் இறங்கின. பேழை அலுவலகம் இந்த வீட்டின் பெயரைப் பார்வைக் கணக்கிலிருந்து நீக்கியது. குலசேகரன் முறைப்பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றி மடித்து வைத்தார். பூங்கோதையும் நிகரனும் புறப்பட்ட அன்று, மகளைக் குக்கரிடம் அழைத்துப் போனார்.

"கவலைப்படாம போ. உங்கம்மா இங்க பத்திரமா இருக்கா."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, நெடுங்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, குலசேகரன் இரண்டு கண்ணாலும் உப்புமாவைப் பார்த்துச் சாப்பிட்டார். நிம்மதியாக இருந்தது. குக்கருக்குள் இருப்பதை விழிமணி காட்டாது. எழுந்துபோய்த் திரையை இணைத்துத் தேட வேண்டும். அதற்கு அவசரம் எதுவும் இல்லை. தினமும் காலையில் மூடியைத் துடைத்தார், அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார், கையை வைத்து வெதுவெதுப்பைத் தொட்டுப் பார்த்தார். திரையின்மேல் தில்லை ஒரு துணி போட்டு மூடினாள்.

ஆறு ஆண்டுகள் போயின.

ஒரு நாள் தில்லைநாயகி ஒரு கல்யாண விருந்திலிருந்து கொதித்துப்போய்த் திரும்பினாள்.

"அண்ணே, ராஜமாணிக்கம் பந்தியில உட்கார்ந்துக்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்றார். பூங்கோதை கல்யாணத்துல சாம்பாருக்கு உப்பில்லைன்னு அவர் சொன்னப்போ, அண்ணி கையைக் கட்டிக்கிட்டு மன்னிப்புக் கேட்டாங்களாம்!"

குலசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காந்திமதியா? மன்னிப்பா? நீ பதில் சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்ல வாயெடுத்தேன்." தில்லையின் குரல் தாழ்ந்தது. "அண்ணி என்ன சொன்னாங்க அண்ணே, சரியா?"

"உப்பு இலையிலயே இருக்கு சம்பந்தி. கை எட்டலைன்னா... நான் ஊட்டி விடட்டுமான்னு."

"ஊட்டியா? எடுத்துத் தர்றேன்னு சொல்லல?"

"ஊட்டின்னுதான் நினைக்கறேன்."

"மன்னிச்சுக்கோங்கன்னு கடைசியில ஏதாவது..."

"தில்லை!"

இருவரும் பூங்கோதைக்குச் செய்தி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வியாழனிலிருந்து பதில் வந்தது. "எனக்கும் சரியா ஞாபகம் இல்லப்பா. சிரிச்சோம்னு மட்டும் ஞாபகம் இருக்கு. பெட்டியில இருக்குமே, பாருங்களேன்."

குலசேகரன் எழுந்து போனார். திரையின்மேல் துணி இருந்தது. அவர் குக்கரின் மூடிமேல் கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே தட்டுகள் சுழலும் ஓசை, தூரத்தில் அரிசி கொதிப்பதுபோல் கேட்டது. உண்மை இதற்குள் இருக்கிறது; இதை எவனாலும் கரைக்க முடியாது. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பார்த்தியா?" என்றாள் தில்லை.

"இருக்கு. எங்க போயிடப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

குலசேகரன் வீட்டுப் பேழை பழுதாகிவிட்டது என்றும், அதனால்தான் ராஜமாணிக்கத்தின் பேச்சை மறுக்க அந்த வீட்டாரிடம் சான்று இல்லை என்றும் மேலக் குவிமாடத்தில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறது. அழுத்தமானியின் முள் அசையவில்லை. நான்கு தட்டுகளும் சுழல்கின்றன. முப்பத்தோராயிரம் மணி நேரத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் அருகில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: பெட்டிக்குள் வந்த நாள், கடைசியாகத் திறந்த நாள். இரண்டும் ஒன்றுதான்.