ஒரே ஒரு கையசைப்பு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் ‘வாயாடி’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அப்பா சொல்வார். அது பொய்யில்லை.

அம்மாவுக்குச் சாலை வேலை. குழாய் பதிப்பதற்காகச் சாலையில் பாதியைத் தோண்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். அதனால் இந்த முனையில் அம்மாவும் அந்த முனையில் மீசைக்காரர் ஒருவரும் ஆளுக்கொரு பலகையோடு நிற்பார்கள். பலகையின் ஒரு பக்கம் சிவப்பில் ‘நில்’, மறுபக்கம் பச்சையில் ‘செல்’. மூன்று வருடம் மண்கூடை சுமந்த பிறகு, போன மாதம்தான் அந்தப் பலகை அம்மா கைக்கு வந்தது. அன்றைக்குக் கண்ணாடி முன்னால் துடைப்பத்தைப் பிடித்து நின்று பழகிப் பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் வாயாடி சாப்பாடு கொண்டு போனாள்.

“தடுப்புக்குப் பின்னாலயே நில்லு. பலகை பக்கத்துல வேற யாரும் நிக்கக் கூடாது” என்றார் அம்மா.

வாயாடிக்குச் சொல்ல ஆயிரம் கதை இருந்தது. தடுப்பைத் தாண்டி அம்மா அருகில் போய் நின்றுகொண்டாள். பலகை சிவப்பைக் காட்டியது. முதலில் ஒரு ரொட்டி வண்டி, அதன் பின்னால் ஒரு வேன். வேனின் சன்னலில் அவளுடைய தோழி! வாயாடி கையை உயர்த்தி ‘வா, வா’ என்று ஆட்டினாள்.

ரொட்டி வண்டி கிளம்பிவிட்டது.

எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. யாருக்கும் அடி இல்லை. ரொட்டிகள்தான் குழிக்குள் உருண்டன.

மேஸ்திரி ஓடி வருவதற்குள் வாயாடி தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள்.

“பலகை சிவப்புதான். ஆனா பக்கத்துல கை வரச் சொல்லுச்சே” என்றார் ரொட்டி வண்டிக்காரர்.

அம்மா மகள் பக்கம் திரும்பவே இல்லை. “என் தப்புதான்” என்றார்.

மேஸ்திரி பலகையை வாங்கிக்கொண்டு மண்கூடையைக் காட்டினார். எப்போதும் மூடாத வாயாடியின் வாய் அன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை.

வீட்டிலும் அம்மா திட்டவில்லை. தோளை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வாயாடிக்கு.

மறுநாள் காலையில் அவள் தனியாக மேஸ்திரியிடம் போனாள்.

“கையை ஆட்டினது நான்தாங்கய்யா. அம்மா பின்னால நிக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கணும்” என்றாள். அழுகை வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னது நல்லது என்றார் மேஸ்திரி. ஆனாலும் பலகைக்கு அருகில் ஆளை விட்டது அம்மாவின் தப்பு என்பதால், ஒரு வாரம் கூடைதான் என்றும் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுவதும் பள்ளிக்குப் போகும்போது அம்மா மண் சுமப்பதைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை பலகை அம்மா கைக்குத் திரும்பியிருந்தது. வாயாடி சாப்பாட்டோடு தடுப்புக்குப் பின்னால் நின்றாள். அதே வேன் வந்து நின்றது. தோழி கையசைத்தாள்.

வாயாடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். தோழியின் முகம் சுருங்கிப்போனது. பரவாயில்லை, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொல்வதற்கு அவளுக்கு வாயா இல்லை?

அம்மா எதிர்முனையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு பலகையைப் பச்சைக்குத் திருப்பினார்.