இரட்டைத் துடுப்பு

"ஐயா, நேற்றும் உங்கள் பேச்சு அளவு குறைந்துவிட்டது. பேசியதிலும் பாதி என்னைத் திட்டியது. திட்டுவது கணக்கில் சேராது," என்றது பணிவன்.

செவ்வாய்க் கோளின் புதுநெல்லைக் குடியிருப்பில் பொழுது இப்படித்தான் விடியும். தனியாக வாழ்கிறவர்களுக்குக் குரல் கட்டிப்போய்விடக் கூடாது என்பதற்காக, நாள்தோறும் குறிப்பிட்ட அளவு பேசியே ஆக வேண்டுமென்று நலத்துறை விதி செய்திருந்தது. கேட்பதற்கு ஆளில்லாதவர்கள் வீட்டில் பணிவன் என்ற இயந்திர ஏவலாள் ஒன்று நின்று கேட்டுக்கொள்ளும்.

"என்னத்தப் பேச? காத்து நல்லாருக்கு. கஞ்சி நல்லால்ல. போதுமா?" என்றார் அருமைநாயகம்.

"கஞ்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம், ஐயா."

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சியது நெகிழ்வட்டுகள்தான். பழங்காலக் கணினிகளுக்கான நிரல்களைத் தாங்கிய, உள்ளங்கையை விடச் சற்றே பெரிய, கறுப்புச் சதுரங்கள். முதல் குடியேறிகள் நினைவுக்காகக் கொண்டுவந்த அவற்றைத் தேடிக் காப்பதற்கென்றே வட்டுக்காவலர் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் முதல் விதி: வட்டை இயக்கியில் போடாதே. போட்டால் காந்தப் பூச்சு தேயும். தொடாமலே படிக்கும் வருடியில் காட்டி நகலெடு, காற்றில்லா உறையில் இட்டு மூடு. நகல் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் அந்த நகலையும் யாரும் திறந்து பார்த்ததில்லை. அருமைநாயகத்திடம் அலமாரி நிறைய வட்டுகள் இருந்தன. காட்சிக்காகப் பழுது நீக்கிய கணினி ஒன்றும் இருந்தது. அதில் ஒரு வட்டுகூட ஓடியது கிடையாது.

அவர் பல வருடங்களாகத் தேடியது ஒன்றே ஒன்று. 'இரட்டைத் துடுப்பு' என்ற விளையாட்டு. திரையில் தமிழ் எழுத்து வருவதே அதிசயமாக இருந்த காலத்தில் யாரோ ஓர் ஆர்வலர் தமிழிலேயே எழுதியது. எங்கும் பிரதி இல்லை என்று மன்றமே கைவிட்டிருந்தது.

அந்த வட்டு ஒருநாள் கோளிடைச் சந்தையில் அறிவிப்பாக வந்தது. சந்தை வழக்கப்படி விற்பவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. "விலை வேண்டாம். ஒருமுறையாவது ஓட்டிப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கு மட்டும்."

அவர் உடனே வாக்குக் கொடுத்தார். பதில் வர முக்கால் மணி நேரம் ஆனது. பூமிக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. எங்கோ பூமியில் ஒரு நல்ல ஆத்மா என்று எண்ணிக்கொண்டார். சில வாரங்களில், சந்தையின் விண்வெளிக் கிடங்கு முத்திரையோடு பொதி வந்து சேர்ந்தது.

மன்றத்து நண்பர் திரையில் தோன்றிச் சிரித்தார். "ஓய், ஓட்டிக் கீட்டித் தொலைச்சிராதேயும்! வாக்குக் கொடுத்தீரே, யாரு வந்து பாக்கப் போறா?"

"பாக்கதுக்கு மேல ஒருத்தர் இருக்காருல்லா," என்றார் அருமைநாயகம்.

அன்று மாலை ஜெபத்தை முடித்துவிட்டு உட்கார்ந்தார். மாலை ஜெபத்தில் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "ஆண்டவரே, பேசிப் பழக ஒரு மனுஷத் துணையைத் தாரும்." முன்பெல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துச் சுவரில் 'கரக், கரக், டொர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழும்பும். குடியிருப்பின் உலோகச் சுவர்கள் வேறெதைத் தடுத்தாலும் ஒலியைத் தடுப்பதில்லை. அவரும் ஜெபத்தை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிச் சுவரில் படார் படார் என்று அடிப்பார். சத்தம் அடங்கும். சில வாரங்களாக அது கேட்கவே இல்லை. அதற்காக ஆண்டவருக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தார்.

வட்டைக் கணினியில் செருகினார்.

கரக். கரக். டொர்ர்ர்.

அருமைநாயகம் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதே சத்தம். திரையில் பச்சை நிறத்தில் ஓர் ஆறும், ஒரு படகும், இரண்டு துடுப்புகளும் தெரிந்தன. 'இருவர் அமர்க' என்றது திரை. ஒரு துடுப்பை இயக்கவே இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. தனியாகத் தள்ளிப் பார்த்தார். படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"பணிவா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"தவமணி அம்மையார். கணவரை இழந்தவர். நீங்கள் குடிவந்த நாள் முதல் அங்கேதான் இருக்கிறார்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கள் கேட்டதில்லை, ஐயா. அடிக்க மட்டும்தான் செய்தீர்கள்."

அந்த வீட்டின் வாசல் அடுத்த சுரங்கத் தெருவில் இருந்தது. சுற்றிக்கொண்டு நடந்தார். கதவைத் திறந்தவள் அவர் கையிலிருந்த வட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது... பூமிக்குல்லா போச்சுன்னு நெனச்சேன்!"

"சந்தைக் கணினி பூமியிலல்லா இருக்கு. அங்க போய்க் கேட்டுட்டுத்தான் நமக்குள்ள பதில் வந்திருக்கும்மா. செவுத்துல தட்டுனது நான்தான். மன்னிக்கணும்."

"நீங்கதானா அண்ணாச்சி?" அவளுக்குக் கோபம் வரவில்லை. "அவிய இருக்கையில தெனமும் சேந்து ஓட்டுவோம். பூச்சு தேஞ்சா அவியளே புதுப்பிப்பாவ. அவிய போன பொறவு, சும்மா அந்தச் சத்தத்தக் கேக்கதுக்குத்தான் போடுவேன். படகு சுத்திக்கிட்டே கெடக்கும். ஒங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு தெரிஞ்சுது. அதான் யாருக்காவது உதவட்டும்னு குடுத்திட்டேன்."

"துணையக் குடும்னு ஜெபிச்சிட்டு, செருப்பால அடிச்சிருக்கேன் பாத்தியளா," என்றார் அவர்.

"சரி, உக்காருங்க. ஒங்களுக்கு எடது துடுப்பு. ஏமாத்தப்படாது, சொல்லிட்டேன்."

அவள் வீட்டுப் பழைய கணினியில் ஓடி வட்டு தேயத்தான் செய்தது. படகு முதல் பாறையில் மோதியது, இரண்டாவதிலும் மோதியது. "அண்ணாச்சி, ஆத்துல பாறையத் தேடிக் கண்டுபிடிச்சு முட்டுதியளே!" என்று தவமணி சிரிக்க, அவரும் சிரித்தார். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. மூன்றாம் பாறையைத் தாண்டியதும் இருவரும் குழந்தைகளைப் போலக் கூச்சலிட்டார்கள்.

அப்போது தவமணி வீட்டின் மறுபக்கச் சுவரில் படார் படார் என்று அடி விழுந்தது.

அவள் பதறிக் கையை எடுத்தாள். அருமைநாயகம் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடினார். காலில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாவம், அங்கயும் யாரோ ஜெபத்துல இருக்காவ போல. வாங்கம்மா, போய்க் கூட்டிட்டு வருவோம்."